ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை: வலியோடு ஓடலாமா, நிறுத்திவிட வேண்டுமா?

நொய்யல் (கோவை) | செவ்வாய், காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. பதினாறு ஆண்டுகளாக நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்க்கிறேன். சென்ற மாத இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு, இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்து, ஞாயிறு அதிகாலை ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குப் போனேன். ஒரு சுற்று ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் வரும். முதல் சுற்றை நிற்காமல் ஓடி முடித்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. அந்த உற்சாகத்திலேயே இரண்டாவது சுற்றையும் ஓடிவிட்டேன்.

அன்று எந்த வலியும் இல்லை. திங்கள்கிழமை தொடை சற்று இறுக்கமாக இருந்தது. இன்று காலை நிலைமை வேறு. கழிப்பறையில் குத்துக்காலிட்டு அமர முடியாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். எழும்போது மனைவியைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன். மாடிப்படி ஏறும்போது அவ்வளவாகத் தெரியாத வலி, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முன்தொடையைப் பிடித்து இழுக்கிறது. கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறது.

அலுவலகத்தில் ஒருவர், லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, இன்றே மறுபடி ஓடினால் கரைந்துவிடும் என்கிறார். மனைவியோ, இந்த வயதில் தசை கிழிந்திருந்தால் என்ன செய்வது, இதோடு விட்டுவிடுங்கள் என்கிறார். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நாளை ஓடலாமா? இது அடிபட்டதா, இல்லை வெறும் உளைச்சலா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


அடையாறு (சென்னை) | செவ்வாய், காலை 8.25

நண்பரே, முதலில் மனம் தளராதீர்கள். நான் ஓடத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் எல்லோருக்கும் ஒருமுறை வந்திருக்கிறது. இன்றும் நாளையும் ஓட வேண்டாம், ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம். மாலையில் இருபது நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் கடினமாக இருக்கும், பிறகு கால் இளகும். விரிவாக இரவில் எழுதுகிறேன்.


வைகைக்கரை (மதுரை) | செவ்வாய், பிற்பகல் 1.40

நான் இயன்முறை மருத்துவர். ஐயா, படி ஏறும்போது தெரியாத வலி இறங்கும்போது தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தசை இரண்டு விதமாக உழைக்கும். படி ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. நிறைகுடத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் சத்தமில்லாமல் இறக்கி வைக்கும்போது கை எப்படித் தாங்கித் தாங்கி இறக்குகிறதோ, அப்படி. இந்த இரண்டாவது வகை உழைப்பில் தசையின் நுண்ணிழைகள் அதிகமாக இழுபட்டு, அங்கங்கே மிகச் சிறிய அளவில் சேதமடைகின்றன. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை வருகிறது. அதை முன்தொடையும் கெண்டைக்காலும்தான் தாங்கி அடக்குகின்றன. உங்கள் வேகத்தில் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தது 5,000 காலடிகள் விழுந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் நாற்காலியில் இருந்த தொடை, ஒரே காலையில் அத்தனை முறை தாங்கியிருக்கிறது.

சேதமான இடங்களைச் சரிசெய்ய உடல் ஆள் அனுப்புவதைத்தான் அழற்சி என்கிறோம். அந்த வேலை தொடங்கி உச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும் என்பதால்தான் வலியும் தாமதமாக வருகிறது: 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே மறைந்துவிடும். ஞாயிறு ஓடி, செவ்வாய் துடிப்பது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

லாக்டிக் அமிலக் கதையை உங்கள் அலுவலக நண்பர் மட்டும் சொல்வதில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் பயிற்சியாளர்களே சொல்கிறார்கள். ஓடும்போது இரத்தத்தில் லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம், கூடுவது உண்மைதான். ஆனால் ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை வலிக்கு அதன்மேல் பழிபோட வழியில்லை. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரைச் சமதளத்திலும் சிலரை இறக்கத்திலும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடியது, பின்னர் வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடவில்லை, வலி மட்டும் வந்தது. தாமதமாக வரும் இந்த வலிக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் சிறு சிதைவாக இருக்கலாம் என்று தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் 1902-இலேயே எழுதிவிட்டார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அமிலத்தைக் கரைக்க ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கையில் மறுநாளே வேகமாக ஓடிக் காயப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் மனைவியின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். உளைச்சல் இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தசை முழுவதும் பரவியிருக்கும். சும்மா இருக்கும்போது அடங்கி, அசைத்தாலோ அழுத்தினாலோ வலிக்கும். சற்று நடந்தால் இளகும். அடிபட்ட வலி அப்படி இருக்காது. ஓடும்போதே சுருக்கென்று தொடங்கியிருக்கும், ஒரே காலில் இருக்கும், ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் இருக்கும், நடக்க நடக்கக் கூடும். மூட்டு வீங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ காத்திருக்காதீர்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது அவசரம்: தசை பெருமளவில் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அரிது, ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது உளைச்சல்தான். விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் நாளை ஓட வேண்டாம். வலிக்கும் தசைக்கு அந்த நாட்களில் வலிமையும் குறைந்திருக்கும். அது தாங்காத சுமையை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்ளும்.


தாமிரபரணி (திருநெல்வேலி) | செவ்வாய், மாலை 5.15

மருத்துவர் அம்மா சொன்னதை மதிக்கிறேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். எனக்கு வயது 58. பள்ளிக் காலத்தில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், ஓடுவதற்கு முன் கால்களை நன்றாக நீட்டி மடக்கிவிட்டால் வலியே வராது என்று சொல்லித்தான் எங்களைப் பழக்கினார். ஓடிவிட்டு வந்த இரவு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தொடையில் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டால் மறுநாள் கால் இலேசாக இருக்கும். இவற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. இவற்றுக்குப் பயன் இல்லை என்று கருதுகிறீர்களா?


வைகைக்கரை (மதுரை) | செவ்வாய், இரவு 9.05

ஐயா, நல்ல கேள்வி. கால் நீட்டும் பயிற்சியைப் பற்றிப் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2011-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஓடுவதற்கு முன் நீட்டினாலும் பின் நீட்டினாலும், வலியை 100 புள்ளி அளவுகோலில் வைத்துப் பார்த்தால், குறைவது ஒன்றிரண்டு புள்ளிகள், மிஞ்சினால் நான்கு. கால் வலிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மூட்டு நெகிழ்வுக்காக நீட்டலாம். மறுநாள் வலியைத் தடுக்கும் என்று நம்பி மட்டும் நீட்ட வேண்டாம். ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து உடலைச் சூடேற்றுவது அதைவிட நல்லது.

எண்ணெய் தேய்ப்பது வேறு. மென்மையாகத் தடவிவிடுவது வலியை ஓரளவு தணிக்கும், வெந்நீரும் இதம் தரும். என் அம்மா எனக்குச் செய்ததை நானும் என் பிள்ளைகளுக்குச் செய்கிறேன். ஆனால் சேதத்தை அது சீக்கிரம் ஆற்றிவிடுவதில்லை. சிலர் வலி போகட்டும் என்று கட்டைவிரலால் அழுத்திப் பிசைகிறார்கள், காலால் மிதிக்கச் சொல்கிறார்கள். உளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது அது புதுச் சேதத்தைத்தான் கொடுக்கும்.

வலி மாத்திரையைப் பற்றி நொய்யல் கேட்டிருந்தார். தூக்கம் வராத அளவுக்கு வலித்தால், வேறு நோயும் ஒவ்வாமையும் இல்லாதவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஓடுவதற்காக மாத்திரை போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை விழுங்கிவிட்டு வியர்க்க வியர்க்க ஓடினால், உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறையும். நம் ஊர் வெயிலில் இது விளையாட்டான விஷயம் இல்லை. அதோடு, நிறுத்தச் சொல்லும் வலியின் வாயையும் கட்டிவிடுகிறோம்.

கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாத்திரையாலும் தசை வலி வரலாம். ஓடாத நாட்களிலும் வலி தொடர்ந்தால் ஓட்டத்தின்மேல் பழியைப் போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேபோல, கடுமையாக ஓடிய மறுநாள் முழு உடல் பரிசோதனைக்குப் போகாதீர்கள். சேதமான தசையிலிருந்து கசியும் பொருட்களால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. அளவு கூடித் தெரியும். கல்லீரலில் ஏதோ என்று வீடே பதறிப்போகும்.


அடையாறு (சென்னை) | செவ்வாய், இரவு 10.30

வாக்களித்தபடி எழுதுகிறேன். நொய்யல் செய்த பிழை ஓடியது இல்லை, முதல் நாள் அளவு. நம்மில் பலர் மூச்சை வைத்து அளவை முடிவு செய்கிறோம். மூச்சு தாங்கினால் கால் தாங்கும் என்று எண்ணிவிடுகிறோம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும், தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். ஆகையால் மூச்சு இடம் கொடுக்கும் நாளிலும் காலின் கணக்கில்தான் ஓட வேண்டும்.

1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் வாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அதாவது ஒரு நாளில் உண்மையில் ஓடுவது எட்டு நிமிடம்தான். நான் முதலில் இதைப் படித்தபோது, எட்டு நிமிடமா என்று அலட்சியம் செய்தேன். மூன்று மாதம் தொடங்கித் தொடங்கி விட்ட பிறகு இதற்கே திரும்பி வந்தேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, 1974 முதல் புதியவர்களை ஓட்டத்துக்கு நடுவே நடக்கவைத்துத்தான் பழக்கினார். நடப்பதை இழுக்காக நினைக்காதீர்கள்.

காலடியைச் சிறிதாக வைத்து ஓடிப் பாருங்கள். பாதம் உடலுக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவது போலாகும். அந்தப் பிரேக்கைப் போடுவது உங்கள் முன்தொடை. காலடி உடலுக்குக் கீழே விழுந்தால் சுமை குறையும். உங்கள் காலடிச் சத்தத்தை நீங்களே கேளுங்கள், சத்தம் குறைவாக இருந்தால் சரியாக ஓடுகிறீர்கள்.


காவிரிப்பாலம் (திருச்சி) | புதன், காலை 6.50

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓடத் தொடங்கியபோது எனக்கும் தொடை வலி வந்தது, போனது. ஆறாவது வாரத்தில் இடது முன்னங்காலின் உட்பக்கத்தில் வலி வந்தது. எல்லா வலியும் உளைச்சல்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு பத்து நாள் ஓடினேன். முதலில் ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் இருந்தது. பிறகு ஓட்டம் முழுவதும். பிறகு சமையலறையில் நின்றாலும். கடைசியில் எலும்பின்மேல் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை விரல் வைத்து அழுத்தினால் கண்ணில் நீர் வந்தது. முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தைலம் தடவுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை முறிவு தெரிந்தது. எட்டு வாரம் ஓடவில்லை.

அந்த வலி இரண்டாம் நாள் உச்சமடைந்து குறையவில்லை, நாளுக்கு நாள் கூடியது. அந்த ஒரு வித்தியாசத்தை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எட்டு வாரம் மிஞ்சியிருக்கும்.


வைகைக்கரை (மதுரை) | புதன், காலை 9.20

சகோதரி, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. தொடக்கத்தில் இவ்வகை முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம்தான். எலும்பின்மேல் ஒரு புள்ளியில் வலித்தால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். முன்னங்கால் எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை சார்ந்த எரிச்சல்; அதற்கும் ஓட்டத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மாதவிடாய் ஒழுங்கு தவறியிருக்கும் பெண்களும், எடை குறைக்க உணவைக் குறைத்துக்கொண்டே ஓடுபவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.


மணல்வீடு (சென்னை) | புதன், மாலை 6.30

ஒரு சிறு ஐயம். சாலை கடினமாக இருக்கிறது என்று மெரினா மணலில் வெறுங்காலுடன் ஓடலாம் என நினைக்கிறேன். வலி குறையுமா?


அடையாறு (சென்னை) | புதன், இரவு 8.15

தொடக்கத்தில் வேண்டாம். உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் இருமடங்கு உழைப்பது போலிருக்கும். நீரோரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும். சமமான மண் பாதை கிடைத்தால் அதுவே போதும்.


நொய்யல் (கோவை) | ஞாயிறு, காலை 8.00

நண்பர்களே, வியாழன் மாலையே வலி பாதியாகக் குறைந்தது. சனிக்கிழமை சுத்தமாக இல்லை. அதுவரை தினமும் இருபது நிமிடம் நடந்தேன். வழக்கமாக இரவு பன்னிரண்டு மணிவரை கைபேசி பார்ப்பவன், இந்த வாரம் பத்தரைக்கே படுத்தேன். தசை சீராவதற்குப் புரதம் வேண்டும் என்று படித்ததால், மாலையில் தேநீருடன் முறுக்குக்குப் பதிலாகச் சுண்டல் செய்யச் சொன்னேன், காலையில் இரண்டு முட்டை. இன்று 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. முடித்தபோது இன்னும் ஓடலாம் போலிருந்தது. கையைக் கட்டிப்போட்டது போல் நிறுத்திக்கொண்டேன். இனி செவ்வாய்க்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.


நொய்யல் (கோவை) | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.40

அந்தச் செவ்வாய் வந்தது, போனது. தொடையில் சிறு இறுக்கம் மட்டும் இருந்தது. குழாயைப் பிடிக்காமல் அமர்ந்து எழுந்தேன். இப்போது 90 விநாடி, மூன்று நிமிடம் என்று ஓடும் வாரத்தில் இருக்கிறேன். வலி வந்தாலும் இரண்டாம் நாளே அடங்கிவிடுகிறது. நிறுத்தச் சொன்ன மனைவி இப்போது என்னோடு வந்து எதிர்ச் சுற்றில் நடக்கிறார்.

ஒரு கேள்வி இருக்கிறது. ஏப்ரலில் உறவினர்களோடு வெள்ளியங்கிரி போவதாகத் திட்டம். ஏழு மலையும் ஏறி இறங்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் போனபோது ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அடுத்த மூன்று நாள் பேருந்துப் படியில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்கினேன். மருத்துவர் சொன்ன விளக்கத்தைப் படித்த பிறகுதான் அது ஏன் என்று விளங்குகிறது. இந்த முறை அதைத் தவிர்க்க வழி உண்டா?


வைகைக்கரை (மதுரை) | ஞாயிறு, காலை 7.30

உண்டு ஐயா, இந்த மூன்று வாரத்தில் நீங்கள் அதைத்தான் உங்களை அறியாமல் செய்திருக்கிறீர்கள். ஒருமுறை சிறிய அளவில் சேதமாகிச் சீரான தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். அதைப் பெறுவதற்குப் பெரிய வலி தேவையில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. சிறிய வேலையே பெருமளவு காப்பைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் சமதளத்தில் ஓடியது இறக்கத்துக்கு முழுக் காப்பாகாது. உங்களுக்கு மருதமலை பக்கத்தில்தான் இருக்கிறது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, வாரம் ஒருமுறை படி ஏறிப் போங்கள். முதல் முறை பாதிப் படிகள் மட்டும் நடந்து இறங்கி, மீதியை வண்டியில் வாருங்கள். இரண்டு நாள் கழித்துத் தொடை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் முழுவதும் இறங்குங்கள். கடைசி முறை, மலைக்குப் போவதற்கு ஐந்தாறு நாளாவது முன்னதாக இருக்கட்டும். அந்த வாரம் ஓட்டத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குவீர்கள் அல்லவா, அதை ஏறும்போது மட்டும் ஊன்றிவிட்டு இறங்கும்போது தோளில் போட்டுக்கொண்டு வருபவர்கள் பலர். இறங்கும்போதுதான் அது தேவை. ஒவ்வொரு கல்லிலும் தடியை முதலில் கீழே ஊன்றி, அதன்மேல் எடையைக் கொடுத்து, பிறகு காலை இறக்குங்கள்.